பதினோரு பேரும் நார்மல்

கறம்பக்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். அன்று காலை என் சாப்பாட்டுப் பையில் எலுமிச்சைச் சாதமும் ராஜினாமாக் கடிதமும் இருந்தன. சாயங்காலம் டாக்டரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு. முந்தின வாரம், மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று இரண்டாம் முறை கேட்ட கர்ப்பிணிப் பெண்ணிடம் வள்ளென்று விழுந்திருந்தேன். அவள் முகம் சுருங்கியது என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

அன்றைக்கென்று பார்த்து, எங்கள் மன அழுத்தத்தைக் கேட்டறிய மாவட்டத்திலிருந்து மனநல ஆலோசகர் வருகிறாராம். நிலையத்தில் வேலை பார்க்கும் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் கேள்வித்தாள் முதல் நாளே வந்திருந்தது. தூக்கம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்று இருபது கேள்வி. "சிஸ்டர், நீங்களே பாத்து எழுதிருங்க" என்று ஆளாளுக்கு என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பதிவேட்டில் காலிக் கட்டம் இருக்கக் கூடாது. கடகடவென்று எல்லாக் கட்டத்திலும் 'நார்மல்' என்று நிரப்பினேன். பெருக்கித் துடைக்கிற அக்காவின் தாளில் 'தூக்கம்: நார்மல்' என்று எழுதும்போது, அவர் மருந்தறை வாசலில் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆலோசகருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தாள்களைப் புரட்டியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பதினோரு பேருக்கும் ஒரே கையெழுத்தா இருக்கே, யாருங்க எழுதுனது?"

"நாந்தாங்க."

"ஒங்களுது எங்கங்க சிஸ்டர்?"

இழுப்பறையில் தேடினேன், அலமாரியில் தேடினேன். கடைசியில் பார்த்தால், ஆடுகிற மேசைக் காலுக்கு நானே அதை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்!

"சரி, வாயாலயே சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

"நார்மல்" என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. ஐயோ, மானம் போகிற அழுகை. பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினேன். என்னைப் பற்றி நான் எழுதியது அது ஒன்றுதான் இருந்தது.

எலுமிச்சைச் சாதத்தின் எண்ணெய்க் கறை படிந்திருந்த அதை முழுக்கப் படித்தார்.

"வேலைய விடணும்னு தோணுதா? இல்ல, கொஞ்ச நாளு யாரும் கூப்புடாம இருந்தாப் போதும்னு தோணுதாங்க?"

இரண்டாவதை இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. அங்கேயே கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பத்து நாள் விடுப்புக்கு எழுதினேன். வாராவாரம் தன்னிடம் வந்து பேச வேண்டும் என்று ஆலோசகர் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

விடுப்புக் கடிதத்தைப் பார்த்த டாக்டர் தலையைச் சொறிந்தார். "பத்து நாளா? அதுவரைக்கும் ரிஜிஸ்டர யாரு எழுதுறது?"

'நானே வந்து எழுதிடுறேன் சார்' என்று சொல்ல வாயைத் திறந்தேன், வெட்கங்கெட்டவள். அதற்குள் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"எல்லாத்துக்கும் நார்மல்தானே? பேனாவ இங்கிட்டுக் குடு. நீ போயித் தூங்கு ஆத்தா."