சாரதியும் படுகாயமடைந்தார்

இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டது என்று டெனிஷ் தொலைக்காட்சி சொன்ன வாரம். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் நான் வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் முதியவர்களில் ஒருவர் அன்று காலைக் கோப்பியைத் தொடாமல் எனக்காகக் காத்திருந்தார். தனியாக வாழ்ந்த டெனிஷ்காரப் பெண். கால் வீக்கத்துக்கான இறுக்கமான காலுறைகளை அவருக்கு மாட்டிவிடுவது கொம்யூன், அதாவது நகரசபை, எனக்குத் தந்திருந்த வேலை. இடது முழங்காலுக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று இருந்தது. ஒரு பயணத்தில் வந்தது என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அன்று பிஸ்கட் பெட்டியிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். தமிழ்ப் பத்திரிகை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் படுத்திருக்கும் படம். இலங்கையின் கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் போன வான் வண்டிமீது ஆயுததாரிகள் சுட்ட செய்தி. படம் இருக்கிறதே என்று தாதி ஒருத்தி வெட்டிக் கொடுத்ததாம்.

"அந்தப் பாதை அன்று சரியில்லை, திரும்பிவிடுவோம் என்றார் சாரதி. கடலைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாய் நின்றது நான். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்."

"இரண்டு வருடமாக வருகிறேன். ஏன் முன்பே கேட்கவில்லை?"

"கேட்டால் நீ வாசித்துவிடுவாயே."

நான்கு பந்திகள். முதல் மூன்றில் வெளிநாட்டவரின் பெயர், வயது, நாடு, தூதரகத்தின் கண்டனம். நான்காவதின் கடைசி வரி: 'வானின் சாரதியும் படுகாயமடைந்தார்.'

நாட்டை விட்டு வருமுன் நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்தவன். இது எங்கள் பத்திரிகை அல்ல, ஆனால் நானும் இப்படித்தான் எழுதினேன். வெளிநாட்டவரின் பெயர்கள் தூதரகத்திலிருந்து பெக்ஸ் மெஷினில் வரும். சாரதியின் பெயருக்கு யாராவது வார்டுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும். பக்கம் அச்சுக்குப் போகும்வரை சாகாதவர் எல்லோரும் படுகாயம். மறுநாள் வேறு செய்தி.

"காயம் என்றுதான் இருக்கிறது. பெயர் இல்லை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் எழுதுவோம்."

'எழுதுவோம்' என்றதை அவர் கவனித்தார்.

வீட்டுக்கு வந்து, மட்டக்களப்பில் இருந்த பழைய சக நிருபரை அழைத்து விசயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, ஒன்பது வருசம் கழிச்சு இப்பதான் தொடர்ச்சி கேக்கிறியளோ? அப்ப ஆசிரியர் கத்தேக்க கேக்கேல்லை!"

"பகிடி விடாதை. வான்காரரிட்டை விசாரி."

"விசாரிக்கிறன். ஆள் இல்லையெண்டால் அவவுக்கு என்ன சொல்லுவியள்?"

இரண்டு கிழமையாகத் தினமும் காலையில் நான் குனிந்து காலுறையை இழுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அழைப்பு வந்தது. "ஆள் இருக்கிறார் அண்ணை! ஒரு கால் மடங்காது. வானை விட்டிட்டு சைக்கிள் கடை வச்சிருக்கிறார். அந்த அம்மா செத்துப்போனா எண்டெல்லோ நினைச்சவராம். பிறகு பேப்பரில ஒண்டும் வரேல்லையாம். நம்பர் அனுப்புறன்."

மறுநாள் ஒரு காலுறையை மாட்டி முடித்ததும் செய்தியைச் சொன்னேன். உடனே அவருக்குத் தொலைபேசி எடு என்றார். தொலைபேசியைச் சமையலறை மேசையில், இருவருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"அம்மா இருக்கிறாவோ?" என்றது சாரதியின் குரல்.

"ஓம், பக்கத்தில இருக்கிறா."

"வளைவு வந்தால் அவவுக்குச் சத்தி வரும். தேசிக்காய் குடுத்து மணக்கச் சொன்னனான். இப்பவும் தலை சுத்துதோ எண்டு கேளுங்கோ."

வாந்தியையும் எலுமிச்சையையும் நான் டெனிஷில் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, கடலைப் பார்க்கக் கேட்டது நான்தான், மன்னிக்கச் சொல் என்றார்.

"கேட்டவதான். ஓமெண்டு கடல் பக்கம் வானைத் திருப்பினது நானெல்லோ?" என்றார் சாரதி. "கடல் அங்கைதான் கிடக்கு. வரச் சொல்லுங்கோ. சைக்கிளிலதான், ஒரு காலாலை மிதிச்செண்டாலும் ஏத்திக்கொண்டு போவன்."

பேசி முடியுமுன் அந்த முதியவர் பத்திரிகைத் துண்டையும் பேனையையும் என்னிடம் தள்ளினார். சாரதியின் பெயரைத் தனக்கு வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதச் சொன்னார். நான் தொலைபேசியில் பெயரைக் கேட்டு, சரிதானா என்று இன்னொருமுறை கேட்டு, கடைசி வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தார். மற்றக் காலுறை இன்னும் என் மடியில் கிடந்தது.