பெரியம்மாவின் குண்டு பல்பு

என் பெரியம்மாவின் மாவு மில்லில் தராசுக்கு நேர் மேலே ஒரு குண்டு பல்பு தொங்கும். அது மங்கி எழும் ஒவ்வொரு தரமும் பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "பத்த வச்சிட்டா" என்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியின் வெல்டிங் பட்டறை. முன்பு இரண்டும் ஒரே கொட்டகையாக இருந்தவை. பெரியப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். கரண்டுக்கு நடுவே சுவர் எழுப்ப முடியுமா? தெருக்கோடியில் இருந்த சின்ன டிரான்ஸ்பார்மர்தான் வீடுகளுக்கும் மில்லுக்கும் பட்டறைக்கும் பொது. அங்கே சித்தி இரும்பைத் தொட்டால் இங்கே பல்பு மங்கும், மோட்டார் முனகும், மாவு குருணையாக விழும்.

பெரியப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட வருடத்திலிருந்து மில்லை ஓட்டுவது பெரியம்மாதான். கல் கொத்துவார், பெல்ட் மாட்டுவார், புருவமெல்லாம் மாவாக நிற்பார். அப்படிப்பட்ட உழைப்பாளிக்கு இருந்த ஒரே நோய் ஓரகத்தி. மில் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. ஆகவே சித்திக்கு வேலை வந்திருக்கிறதா என்று பெரியம்மாவுக்குச் சொன்னது அந்தப் பல்புதான்.

"காலையிலேர்ந்து ஓயல பாருங்க. யாருக்கோ பெரிய இரும்புக் கேட்டு."

"நீ மாவரைக்கிறியா, அவளுக்குக் கணக்கெழுதுறியா?" என்பார் பெரியப்பா.

"நீங்க தராசப் பாருங்க."

குருணை மாவைக் கண்டு வாடிக்கைக்காரர்கள் அடுத்த ஊர் மில்லுக்கு நடையைக் கட்டினார்கள். ஒரு நாள் மோட்டாரே புகைந்தது. அன்று எனக்கு ஆள் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், அதுவும் எலக்ட்ரிகல்.

"டேய் இன்ஜினியரு, அவ மூச்சுப் படாத கரண்டா ஒண்ணு எனக்கு வாங்கிக் குடு. இல்லன்னா மில்லப் பூட்டிச் சாவிய உன் கையில குடுத்துடுவேன்."

தொழில் செய்பவர்களுக்கென்று மெயின் ரோட்டில் பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் புதிதாக வைத்திருந்தார்கள். நான் மனு எழுதிக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போனேன். மோட்டாரின் லோடு பற்றி நான் பேசியதைக் கேட்ட அதிகாரி, "தம்பிக்கு ஒரு சேர் போடுப்பா" என்றார். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் அந்த ஆபீஸ் வாசலில் நின்றே திரும்பியவர்கள். உள்ளே போய் உட்கார்ந்தவன் நான்தான்.

புதுக் கம்பங்கள் நட்டு லைன் வந்தது. மோட்டார் ஒரே மூச்சில் எடுத்தது. மாவு மையாக விழுந்தது. பெரியம்மா விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து பல்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார். அது அசையாமல் எரிந்தது.

"பட்டறையில இப்ப வேலை நடக்குதாடா?"

"இனிமே இங்கேர்ந்து தெரியாது பெரியம்மா. லைன் வேற."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடமில்லை. பெரியம்மாவே வழி கண்டுபிடித்தார். பழைய இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, அந்தப் பல்பு மட்டும் அதிலேயே எரியட்டும் என்றார்.

"ஒரு பல்புக்குத் தனியா ஒரு மீட்டராம்மா?" என்று சிரித்தார் லைன்மேன்.

"எரியறது என் பல்பு. உனக்கு எங்க எரியுது?"

சில நாள் பல்பு வழக்கம்போல மங்கியது, பெரியம்மாவும் வழக்கம்போலப் பொருமினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கழித்து மில்லைத் திறந்தபோது பல்பு மங்கவே இல்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இல்லை. பெரியம்மாவின் முகத்தில் ஒரு தனிக் களை வந்தது. மாவரைக்க வந்தவர்களிடமெல்லாம், "பாவம், பட்டறை படுத்துடுச்சு" என்று உச்சுக் கொட்டினார். ஒரு கிழவிக்குக் கூலிகூட வாங்காமல் அரைத்துக் கொடுத்தார்.

அந்த வாரமே மில் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி வந்து நின்றது. பட்டறையிலிருந்து பெரிய பெரிய கேட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார் சித்தி.

"அக்கா, லாரி சித்த நேரம் உங்க வாசல்ல நிக்கும்."

பெரியம்மா கேட்டைப் பார்த்தார், திரும்பிப் பல்பைப் பார்த்தார். மானஸ்தன் போல நிலையாக எரிந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் எந்தக் கரண்டுலடி பத்த வச்ச?"

"உங்க கரண்டுலதான்க்கா. நீங்க புது லைனுக்கு எழுதிக் குடுத்தீங்கன்னு லைன்மேன் சொன்னாரு. மறுநாளே நானும் எழுதிக் குடுத்துட்டேன். உங்களுக்கு மட்டும் நல்ல கரண்டு வந்தா எனக்குத் தூக்கம் வருமா? உங்க மில்லு லீவன்னிக்கு வந்து மாட்டிட்டுப் போனாங்க."

முதுகு வலியையும் மறந்து பெரியப்பா குலுங்கிச் சிரித்தார். புது டிரான்ஸ்பார்மருக்கு வெல்டிங் எல்லாம் கொசுக்கடி, அதனால்தான் மோட்டாரும் முனகவில்லை என்று நான் விளக்கினேன். பெரியம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

லாரி போன பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "பல்பக் கழட்டிடவா பெரியம்மா? பழைய மீட்டரத் திருப்பிக் குடுத்துடலாம்."

"தொடாத. புதுசு என்னிக்காவது படுத்தா அவ பழசுக்குத்தான வரணும்?"

"புதுசு படுத்தா நம்ம மில்லும்தான்டி படுக்கும்" என்றார் பெரியப்பா.

"படுக்கட்டுமே. அவளுக்கு வேலை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல."