துண்டு ஆடுமுன் வந்த தண்ணீர்

நெய்வேலியில் ஒரு பாலைவனம் இருந்தது என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். நான் அதில் தாகத்தால் சாகப் பார்த்தவள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, குறிஞ்சிப்பாடியிலிருந்து சினிமாவுக்குப் போனவர். கோடம்பாக்கத்தில் சில வருடங்கள் யார் யாருக்கோ குடை பிடித்துவிட்டுத் திரும்பி வந்து, சொந்தமாகவே ஒரு படம் எடுக்கத் துணிந்தார். பாலைவனத்தில் வழிதவறிய தகப்பனும் மகளும், தண்ணீர் தீர்ந்துபோகிறது, தகப்பன் கடவுளே இல்லை என்கிறான், மகள் வேண்டுகிறாள், மணலில் ஊற்று கிளம்புகிறது. ராஜஸ்தான் போக வசதியில்லை. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு இருக்கும்போது ராஜஸ்தான் எதற்கு என்றார் மாமா. ஒட்டகமும் கிடைக்கவில்லை. கொட்டாங்குச்சியால் மணலில் தடம் பதித்து, ஒட்டகம் ஓடிப்போய்விட்டதாகக் கதையை மாற்றிக்கொண்டார். மகள் வேஷத்துக்கு ஓசியில் கிடைத்தவள் நான்.

ஊற்றுக்கு அப்பா. சுரங்கத்துக்குள் நிலத்தடித் தண்ணீர் ஏறிவிடாமல் ராப்பகலாக இறைத்துக்கொண்டேயிருக்கும் பம்புகளில் அவருக்கு வேலை. அந்தத் தண்ணீர் போகும் குழாய் ஒன்று மண்மேட்டை ஒட்டிப் போனது. அதிகாரி ஒருவரின் மைத்துனருக்குத் தகப்பன் வேஷம் கொடுத்து அனுமதி வாங்கி, அதிலிருந்து ஒரு சின்னக் குழாயைப் பிரித்து மணலுக்கடியில் புதைத்தார்கள். கேமராவில் படாத சரிவில் அப்பா வால்வு அருகே நிற்பார். மாமா தோளிலிருக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து ஆட்டியதும் திறப்பார். இதுதான் ஏற்பாடு. எனக்கும் தெரியும்.

அப்பாவுக்குச் சாமி கிடையாது. அம்மா பூசம் தவறாமல் வடலூர் ஜோதி பார்க்கப் போவாள். அப்பா அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, விளக்கு நம் வீட்டிலும்தான் எரிகிறது என்று கேலி செய்வார். மாமாவின் கதையைக் கேட்டதும், குழாய் இல்லாமல் எந்த ஊற்றும் வராது என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் ஆபரேஷன் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. பெரியவர்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். படப்பிடிப்பைத் தள்ளிவைக்க மாமா தயாராகத்தான் இருந்தார். அம்மாதான், வாடகைக்கு எடுத்த கேமரா வந்து நிற்கிறதே என்று படுக்கையிலிருந்தபடியே எல்லோரையும் விரட்டினாள்.

மேட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. பிலிம் கொஞ்சம்தான் மிச்சம். ஒரே தடவையில் எடுத்தாக வேண்டும். எனக்கோ அழுகை வரவில்லை. ஒத்திகையில் எல்லாம் சிரித்து வைத்தேன். மாமா என் பக்கத்தில் வந்து குந்தினார். குரலை எப்படியும் சென்னையில் வேறொரு பிள்ளையை வைத்துத்தான் சேர்க்கப்போகிறார்களாம்.

“வசனத்த வுட்டுடு கண்ணு. உனக்கு இன்னா வோணுமோ அத நெனச்சிகினு கேளு.”

கேட்டேன். எங்கம்மா வீட்டுக்கு வரணும், எனக்கு வேற எதுவும் வேண்டாம் என்று மணலில் நெற்றியை முட்டிக்கொண்டு கத்தினேன். அதற்குப் பிறகு நடித்த நினைவே இல்லை. தேம்பித் தேம்பி அழுததுதான் நினைவிருக்கிறது. முதலில் முழங்காலுக்கடியில் மணல் குளிர்ந்தது. பிறகு தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி என் மூக்கிலும் வாயிலும் ஏறியது.

கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் காட்சி பிழைத்தது. ஆனால் மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். துண்டு அவர் தோளிலேயே கிடந்தது. தகப்பன் வேஷம் போட்ட அந்த மைத்துனர் ஊற்று கிளம்புமுன் இன்னும் கொஞ்சம் மணலில் உருள வேண்டியிருந்தது. அப்பா ஓடிவந்து என்னை வாரித் தூக்கிக்கொண்டார். துண்டை ஆட்டுமுன் ஏன் திறந்தீர்கள் என்று மாமா கேட்டார்.

“நான் வால்வத் தொடவே இல்ல மாப்ளே,” என்றார் அப்பா.

அவ்வளவுதான். மாமா வடலூர் இருக்கும் திசையைப் பார்த்து மணலில் விழுந்து கும்பிட்டார். கேமராக்காரர் செருப்பைக் கழற்றினார். அன்றிலிருந்து வெகுகாலம் நான் பொறுக்க முடியாத பிள்ளையாக இருந்தேன். பரீட்சை வந்தால் எங்கள் குடியிருப்பு பிளாக்கில் இருந்த பிள்ளைகளெல்லாம் என்னிடம்தான் வேண்டுதலை ஒப்படைத்தார்கள்.

ஈர வேஷத்தோடேயே அப்பா என்னைச் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்: துண்டு ஆடவில்லை, வால்வை யாரும் தொடவில்லை, நான் கேட்டேன், தண்ணீர் வந்தது, அதனால் நீயும் வந்துவிடுவாய். அம்மா கேட்டுக்கொண்டே என் வெள்ளைச் சட்டையைத் தடவினாள். இடுப்பின் இரண்டு பக்கமும் செம்பழுப்பில் பெரிய கைத்தடம் பதிந்திருந்தது. துருப்பிடித்த வால்வுச் சக்கரத்தைத் திருப்பிவிட்டு வரும் நாளெல்லாம் அப்பாவின் உள்ளங்கை அந்த நிறத்தில்தான் இருக்கும். தேய்த்துக் கழுவப் புளி எடுத்துக் கொடுப்பவள் அம்மா. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா சிரித்தாள். காய்ச்சல் கண்டதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

“இனிமே சாமி இல்லன்னு சொல்லுவீங்களா?”

மாட்டேன் என்று அப்பா தலையாட்டினார். அப்படியே என் காதுபட அவர் அதைச் சொல்லவும் இல்லை. அம்மா வீடு வந்தாள். படம் மந்தாரக்குப்பம் கொட்டகையில் சில நாள் ஓடிவிட்டுக் காணாமல் போயிற்று. என் வேண்டுதலை நினைத்துத்தான் அம்மா அன்று சிரித்தாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சரிவில் நின்று என் அழுகையைக் கேட்டவர் யார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.