ஆமென் சொன்னால்தான் ரொட்டி

நெல்லித்தோப்பில், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கான பயிற்சி மையத்தில் அடுப்பிலிருந்து ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

என் அக்கா ஸ்தெல்லாவுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். அந்தக் காலத்தில் இப்படியொரு மையம் எங்களுக்குத் தெரியாது. விருந்தாளி வந்தால் அம்மா அவளை உள்ளறையில் உட்கார வைப்பார். கோயிலுக்கும் விடியற்காலைப் பூசைக்கு மட்டும் கூட்டிப்போவார், கூட்டம் இருக்காது என்று.

செவ்வாய்தோறும் சாயங்காலப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அந்தோணியார் பேரில் எல்லாருக்கும் ரொட்டி கொடுப்பார்கள், வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து. எங்கள் வீட்டு முறை வந்தது நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள். நாட்குறிப்பு எழுதாத வயதுதான், நாள் மறக்கவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா என்ன நினைத்தாரோ, கூடையை அக்காவிடம் கொடுத்தார்.

வரிசையில் முதலில் நின்ற பெண் கை நீட்டவில்லை. "இந்தப் பொண்ணு கையாலயா குடுக்கறீங்க?" என்றார். பின்னால் நின்ற பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் அந்துவான் முன்னே வந்து கை நீட்டினார். அக்கா ரொட்டியை நீட்டினாள், ஆனால் விடவில்லை. பூசையில் சாமியார் நன்மை அப்பத்தை நீட்டுவதையும், வாங்குபவர் ஆமென் சொல்வதையும் பார்த்திருந்தவள், இதையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள்.

"ஆமென் சொல்லுங்க மாமா. அப்பத்தான் தருவேன்."

"சாமியாரே இவ்ளோ கண்டிப்பு இல்லியேம்மா!" என்று சிரித்தவர், தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஆமென்" என்றார்.

அதன்பின் வரிசை முழுக்க ஆமென்தான். முதலில் மறுத்தவரும் கடைசியாக வந்து, மெல்லச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அம்மா போர்வைக்குள்ளிருந்தே கேட்டார்: "எல்லாரும் வாங்குனாங்களா?"

அப்பா கூடையைக் கவிழ்த்துக் காட்டினார்.

அடுத்த செவ்வாய், சாயங்காலப் பூசைக்குக் கிளம்பும்போது, அம்மா பெட்டியிலிருந்து கோயிலுக்குப் போடும் முக்காடுகள் இரண்டை எடுத்தார், தனக்கொன்று, அக்காவுக்கொன்று.