சமையலறையில் கடல்

எங்கள் வீட்டுக்குக் கடல் வந்த அன்றுதான் மாமாவுக்குப் போனில் இன்டர்வியூ.

மாமா அம்மாவின் தம்பி. ஜியாலஜி படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று மௌலா அலியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். அந்த ‘வரை’ இழுத்துக்கொண்டே போனது. அப்பா அவரை ஒன்றும் சொல்லமாட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம், “இதுவாவது அமையுமா?” என்று கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமா பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார்.

அந்த வாரம் முழுக்க மாமா ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பீரோவைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகினார். பூமி ஓரிடத்தில் விரிசல் விட்டுக் கீழே இறங்குமாம். அந்தப் பள்ளத்துக்குள் கடல் வருமாம். சேறு அடுக்கடுக்காகப் படிந்து கல்லாகுமாம். எங்கள் வீட்டுத் தரையில் பதித்திருந்த தாண்டூர் கல்லே அப்படியொரு கடலின் அடித்தரைதானாம்.

“கடல் வந்துச்சுன்னு கல்லைப் பார்த்தே சொல்லிடலாம். தரை இறங்கினதால வந்துச்சா, கடல் மட்டமே ஏறி வந்துச்சா, அதைச் சொல்றதுதான் கஷ்டம்.”

பீரோவுக்கு எப்படியோ, நான் தரைக்கல்லின் இடுக்குகளை மிதிக்காமல் நடக்க ஆரம்பித்தேன். கோடிக்கணக்கான வருஷம் என்றும் சொன்னார்தான். ஏழு வயதில் கோடி வருஷமும் அடுத்த வாரமும் எனக்கு ஒன்றுதான். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மௌலா அலி மலைப்பாறை கடலில் படிந்த கல் இல்லை என்றும் சொல்லியிருந்தார், அங்கே கடல் ஏறாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அன்று மதியம் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். வெளியே விடாத மழை.

“என்ன ஆனாலும் கதவைத் தட்டக் கூடாது. மாமாவோட வாழ்க்கையே இதுலதான் இருக்கு, சரியா?”

நான் தலையாட்டியதும் மாமா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். மூலையில் ஒரு தரைக்கல் லேசாக இறங்கி, இடுக்கிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அம்மா கல்லுப்பு ஜாடியை அந்த மூலையில்தான் வைப்பாள். பயத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

கதவருகே போய்க் கையை ஓங்கினேன். உள்ளே மாமா இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். கையை இறக்கிக்கொண்டேன். கார்ட்டூனில் மூழ்கியிருந்த தம்பியை எழுப்பி, டி.வி.யை ஒழுங்காக அணைத்துவிட்டு, மழையோடு மழையாக அவனை மலைக்கு இழுத்துப்போனேன்.

“நக்கோ அக்கா, நக்கோ,” என்று, தெருவில் பழகிய உருதுவில் வேண்டாம் வேண்டாமென்று அவன் வழியெல்லாம் அழுதான். மலைப்படியின் அடியில் பூ விற்கும் அம்மாள் எங்களைப் பார்த்து, “கைக்கு அகேலே ஆயே?” என்று கேட்டாள். ஏன் தனியாக வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

“சமந்தர் ஆரா,” என்றேன். கடல் வருகிறது.

அவள் ஒரு முறை வானத்தைப் பார்த்துவிட்டு, எங்களைத் தன் பிளாஸ்டிக் ஷீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாங்கள் தப்பித்துவிட்டோம், மாமா மூடிய கதவுக்குள் அல்லவா இருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் மாமாவே தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டு ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. இன்டர்வியூவுக்காகப் போட்ட இஸ்திரிச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோடி வருஷத்தை நேற்று என்பதுபோலப் பேசுகிற மனிதர், ஒன்று, இரண்டு என்று எங்கள் தலைகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“கடல் வந்துடுச்சா மாமா?”

“இல்லடா கண்ணு. குழாய் உடைஞ்சிருக்கு.”

சாயங்காலம் அம்மா வந்ததும் வராததுமாக, “இன்டர்வியூ என்னடா ஆச்சு?” என்று கேட்டாள்.

“தெரிஞ்ச கேள்விதான்க்கா,” என்றார். அப்பா குழாயைச் சரிசெய்ய ஆள் தேடிப் போனார்.

தரை இறங்கியதா, கடல் ஏறியதா என்றுதான் கேட்டார்களாம். பாதிப் பதிலில் ஹாலில் சத்தமே இல்லை என்று தோன்றவும், போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறார். அந்த வேலை கிடைக்கவில்லை. இதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் மாமாவை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடலே வந்தும் நான் கதவைத் தட்டவில்லையே, அதைப் பாராட்டி ஒரு வார்த்தை எப்போது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.