வெளித் தாழ்ப்பாள்

அன்னவாசலில் சவுதிக்குப் போனவர் உண்டு, செல்போன் கடை வைத்தவர் உண்டு. சாமி உண்டாக்கிச் சம்பளம் வாங்குகிறவன் என் பக்கத்து வீட்டு வசந்தகுமார் ஒருவன்தான். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆடுகிறவர்கள் ஒரு மாய உலகத்தில் வேஷம் போட்டுத் திரிவார்களாம். அந்த உலகத்துச் சாமிகளைச் செய்து தருவது இவன் பாடு. துருவுக்கு ஒரு சாமி, பொய்த்த மழைக்கு ஒரு சாமி. எந்தச் சாமி எதை ஆளும், அதற்கு எது ஆகாது, ஏன் ஆகாது, எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். காரணம் சரியில்லாவிட்டால் கம்பெனியில் அவனுக்கு மேலதிகாரியான ஷர்லி திருப்பி அனுப்பிவிடுவாள்.

சாமிகளுக்கே நியாயம் எழுதுகிற பிள்ளை, வீட்டு நியாயம் என்று வந்தால் மட்டும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வான். அதுதான் எனக்கு அவன்மேல் எரிச்சல்.

போன ஆடியில் அவன் தங்கை சிவரஞ்சனி, கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டுவேன் என்றாள். பையன் வேறு சாதி. அப்பா சேவுகன் அவள் போனைப் பிடுங்கி, மூலையறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டு, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மாமன் மகனைக் கட்டச் சம்மதிக்கும்வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. அம்மா பரிமளா அழுதாள். "எல்லாம் சரியாயிரும்மா" என்று சொல்லிவிட்டு இவன் வேலைக்கு உட்கார்ந்தான்.

அன்று ஒரு பெண் சாமி தேவைப்பட்டது. மூளை ஓடாமல், வீட்டுச்சாமி பொன்னாத்தாவையே பெயர் மாற்றி எழுதினான். பொன்னாத்தா அந்தக் குடும்பத்தில் கன்னியாகவே செத்துப்போன பெண். பாம்பு கடித்தது என்பார்கள். அதே மூலையறையில்தான் அவளுடைய சேலைப்பெட்டி இருக்கிறது. வருஷாவருஷம் படையல். வீட்டுப் பெண் செம்புத் தண்ணீரோடு மூடிய கதவின் முன்னே நின்று, "இந்தா வந்துட்டேன் ஆத்தா" என்று சொன்ன பிறகே தாழ்ப்பாளை நீக்க வேண்டும். முதலில் தண்ணீர்; அப்புறம்தான் சூடம், சோறு எல்லாம்.

ஷர்லி படித்துவிட்டுக் கூப்பிட்டாள். அவள் பேசியதை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

"வசந்த், எங்கயும் கும்பிடுறவங்கதான் சாமியைக் கூப்பிடுவாங்க. இங்க பதில் சொல்றாங்களே. அப்ப முதல்ல கூப்பிட்டது யாரு?"

"சாமிதான்" என்றான், யோசிக்காமல்.

"தாழ்ப்பாள் ஏன் வெளியில மட்டும் இருக்கு?"

அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளே சொன்னாள்.

"பாம்பெல்லாம் சும்மா. அவளை உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க. தண்ணி கேட்டுக் கூப்பிட்டிருக்கா. யாருமே போகல. செம கதை வசந்த்!"

அவன் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு எழுந்தான். நான் அடுப்படியில் பரிமளாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். பேயறைந்தவன் மாதிரி வந்து நின்றான்.

"அம்மா, பொன்னாத்தா எப்படிச் செத்துச்சு?"

பரிமளா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"ஒனக்கு யாருடா சொன்னா?"

பாம்பு என்று அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அந்தப் படையல் சோற்றைச் சாப்பிட்டவள் நான்.

அந்த நேரம் மூலையறையிலிருந்து சிவரஞ்சனியின் குரல் கம்மிப்போய்க் கேட்டது. "அம்மா... தண்ணி."

"இந்தா வந்துட்டேன் ஆத்தா" என்று பரிமளா குரல் கொடுத்தாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. சேவுகனுக்கும் கேட்டிருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

பரிமளா செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

"ஏய், அங்கிட்டே நில்லு" என்றார் அவர். குரலில் சத்தே இல்லை.

"எந்திரிங்க."

புருஷனிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே கிடையாது. அவர் எழவில்லை. வசந்தகுமார் நாற்காலியை அவரோடு சேர்த்து ஓரமாக இழுத்துப் போட்டான். பரிமளா தாழ்ப்பாளை நீக்கி, முதலில் தண்ணீரைக் கொடுத்தாள்.

சிவரஞ்சனி செம்பைக் காலி பண்ணிவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேனே அண்ணே. ஒனக்குக் கேக்கவே இல்லையா?"

அவன் கழுத்தில் அந்த ஹெட்செட் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.