அச்சில் ஏறாதது

சர்வர் என்றால் ஹோட்டலில் பரிமாறுகிறவர் என்றுதான் கல்யாணமான புதிதில் நினைத்திருந்தேன். நான் தையல்காரன், வேறென்ன தெரியும்? என் மனைவி ஒரு மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். போன் அடித்தால் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எழுந்து போகிற வேலை. ஆபீசில் அவளுக்கு "ரீஸ்டார்ட்" என்று பட்டப்பெயர். என்ன பிரச்சினை என்றாலும் முதலில் அதைத்தான் சொல்வாளாம். பெயர் வைத்தவர்களுக்கு வேறு வேலை இல்லை.

எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை சொன்னாள். சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டப்பா. கன்டெய்னர் என்பார்கள். அந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பக்கத்து டப்பாவின் வம்புக்குப் போகாது. டப்பாவை வார்க்க ஓர் அச்சு உண்டு, அதற்கு இமேஜ் என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே மேஸ்திரி மாதிரி ஒரு புரோகிராம். மூன்று டப்பா ஓட வேண்டும் என்று சொல்லிவைத்தால், ஒன்று படுத்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அச்சிலிருந்து புதிதாக ஒன்றை ஓட்டிவிடும். பத்திரமாக இருக்க வேண்டியதை வெளியே தனி டிஸ்கில் வைக்க வேண்டும். டப்பாவுக்குள் வைத்தது டப்பாவோடு போய்விடும்.

மாமியார் இறந்ததிலிருந்து மாமனார் எங்களோடு இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்தவர். பழைய ரூட்டின் ஸ்டாப்புகளை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வார். நேற்று நடந்தது எதுவும் மனதில் நிற்காது. தினமும் காலையில் எழுந்ததும் மகளிடம், அம்மா எங்கே என்று கேட்பார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா இறந்துவிட்டாள் என்பாள். அவருக்கு அது ஒவ்வொரு நாளும் புதுச் செய்தி. உடைந்து அழுவார். அவரைத் தேற்றி, முகம் கழுவிவிட்டு, வெறும் வயிற்றோடு பஸ் பிடிக்க ஓடுவாள்.

அப்பாவிடம் பொய் சொல்லக்கூடாது என்பது என் மச்சானின் உத்தரவு. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு போனில் நியாயம் பேசுவார். கண்ணீரைத் துடைப்பது இவள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இவளுக்கும் அப்பாவை ஏமாற்ற மனசு வரவில்லை.

ஒரு நாள் ஆர்டர் எடுக்கிற டப்பா மக்கர் செய்தது. அசதியில் அவள் ஓடிக்கொண்டிருந்த டப்பாவுக்குள்ளேயே புகுந்து புரோகிராமில் ஒரு வரியைக் கையால் திருத்தினாள். சரியாகிவிட்டது. மத்தியானம் டப்பா படுத்தது. மேஸ்திரி புதிதை ஓட்டியது, பழைய கோளாறு அப்படியே திரும்பி வந்தது. மறுபடியும் உள்ளே புகுந்து திருத்தினாள், மறுபடியும் வந்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உள்ள போய் உள்ள போய் சரி பண்ணிட்டே இருந்தேங்க. அச்சுல மாத்தவே இல்ல. இத்தனை வருஷமா இதே வேலை பாக்கறேன், எப்படித் தோணாம போச்சு?"

பிறகு மாமனாரின் அறைப் பக்கம் பார்த்தாள்.

"அப்பாகிட்டயும் அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்? அவர் அச்சுல இனிமே யாராலயும் எதையும் ஏத்த முடியாது."

மிதியை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

மறுநாள் காலை வழக்கம்போல மாமனார் கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்மா கடைக்குப் போயிருக்காங்கப்பா."

"ஓ," என்றார் அவர். அழவில்லை. மகளை ஏற இறங்கப் பார்த்தார். "அவ வர நேரமாகும். நீ சாப்பிட்டுட்டுக் கெளம்பும்மா."

அவள் சரி என்று அடுப்படிக்குப் போய், தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. மாமியார் இறந்த நாளிலிருந்து அவரைத் தேற்றிக்கொண்டே இருந்தவள், தன் அம்மாவுக்காக அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.